கழுவிக் கழுவியே கெடுக்கிறோமா?

வீட்டுக்கு அடுத்தபடியாக நம்மில் பல குடும்பங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் வாகனம்தான். மத்திய கிழக்கில் பல வருடம் உழைத்த காசில் வாங்கிய வேனாக இருக்கலாம். கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, லீசிங் கட்டி முடித்த சிறிய காராக இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வழி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதியது வாங்குவது எல்லோருக்கும் எட்டக்கூடிய காரியமாக இல்லை. ஆகவே வாசலில் நிற்கும் வாகனத்தையே இன்னும் பல வருடம் பாவித்தாக வேண்டும் என்ற நிலையில்தான் பெரும்பாலான வீடுகள் இருக்கின்றன.

எஞ்சினுக்கு ஒயில் மாற்றும் விடயத்தில் நம் வீட்டு ஆண்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள். வெளிப்புற நிறப்பூச்சு என்று வரும்போதுதான் அந்தக் கவனம் எங்கோ போய்விடுகிறது. வாகனம் விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற இரண்டு சொற்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது விளங்கும். மறுபடி நிறம் அடித்த வாகனம் என்றால், எங்காவது மோதுப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வாங்க வருபவருக்கு உடனே வந்துவிடும். அந்த ஒரிஜினல் பெயின்டைக் கெடுப்பதில் வெயிலுக்கும் மழைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் நன்றாகக் கவனிக்கப்படும் வாகனங்களில்கூட அதைவிடப் பெரிய பங்கு, நல்ல எண்ணத்தோடு துடைக்கும் நமது கைக்கே இருக்கிறது.

இதை ஏன் பெண்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். இன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் தாமே ஓட்டிச் செல்லும் தாய்மார் ஏராளம். ஓட்டாதவர்களும், மகனோ சாரதியோ வாகனத்தைக் கழுவும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள். வாளியும் துணியும் சவர்க்காரமும் உங்கள் குசினியிலிருந்துதான் போகின்றன.

தலைமயிரைவிட மெல்லியது

பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்கள் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். பொலிஷ் போட்டுத் துடைத்தால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். அப்போது நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில் இருந்தன. இன்று ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதைத்தான் 'கிளியர் கோட்' என்கிறார்கள்.

இத்தனை பூச்சும் சேர்ந்தும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான தடிப்புத்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 முதல் 50 மைக்ரோன் வரை. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் தலைமயிர் ஒன்றை இரு விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். அது ஏறக்குறைய 70 மைக்ரோன் இருக்கும். அதைவிட மெல்லிய அந்தத் தோல்தான் வாகனத்துக்கு மினுக்கத்தைக் கொடுக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் நிறத்தை வெளிறச் செய்யாமல் மறிப்பதும் அதுவே. தேய்ந்தால் மீண்டும் வளராது.

கறுப்பு அல்லது கடும் நீல நிற வாகனம் ஒன்றை நல்ல வெயிலில் சற்றுச் சரிந்து பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள் தெரியும். இவற்றைப் பாதையில் யாரும் போட்டிருக்க முடியாது. துணியின் வேலை அது.

நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பெனியன் துணியாலோ தூசி தட்டும் தும்புத்தடியாலோ வாகனத்தின் மேலிருக்கும் தூசியை உலரத் துடைப்பது. பார்ப்பதற்குப் பொறுப்பான வேலையாகத் தெரியும். உண்மையில் இதைவிடக் கெடுதலான பழக்கம் வேறில்லை என்றே சொல்வேன். தூசி என்று நாம் சொல்வதில் மணல் இருக்கிறது. மணல் பெயின்டைவிடக் கடினமானது. அரிசியில் கிடக்கும் ஒரு சிறு கல் பல்லை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கல்லைத் துணிக்குள் வைத்துப் பொனட் முழுவதும் இழுப்பதுதான் இந்த உலர்த் துடைப்பு. தூசி படிந்த வாகனம் தூசியோடேயே நிற்கட்டும். கழுவ நேரம் கிடைக்கும் வரை அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

இரண்டு வாளியும் ஒரு நிழலும்

கழுவும் முறைக்கு வருவோம். முதலில் நேரம். நண்பகல் வெயிலில் கடும் நிற வாகனத்தின் பொனட் 70 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாகும். அதில் தண்ணீர் ஊற்றினால் துடைப்பதற்கு முன்பே காய்ந்து, சவர்க்காரமும் தண்ணீரிலுள்ள உப்புக்களும் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். சுபஹுக்குப் பின்னர், அல்லது அஸர் தொழுதுவிட்டு, நிழலில் நிறுத்திக் கழுவுவது நல்லது. கையை வைத்துப் பார்த்தால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும்.

கழுவப் போகும் கையைக் கவனியுங்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றப்பட வேண்டும். மகன் கழுவினால் அவருடைய இடுப்புப் பட்டியின் பக்கிள் கதவில் உரசாமல் பார்க்க வேண்டும். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல் பதித்த, மணி கோத்த அபாயாக்கள் இப்போது அதிகம். ஒடுங்கிய கராஜில் வாகனத்தை ஒட்டி உரசிக்கொண்டு போகும்போது அந்தக் கற்கள் கதவில் நீளக் கோடு போட்டுவிடும். கதவுப் பிடிக்குப் பின்னாலுள்ள குழியில் விழும் கீறல்களும் அப்படித்தான். அவை பெரும்பாலும் நமது நகத்தினதும் மோதிரத்தினதும் வேலை.

முதலில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக ஊற்றி, மணலும் தூசியும் தாமாக வழிந்தோட விட வேண்டும். இந்தக் கட்டத்தில் கையே படக்கூடாது. அதன் பின்னர்தான் இரண்டு வாளிகள். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் வெறும் தண்ணீர். மென்மையான துணியையோ கையுறை போன்ற கழுவும் துணியையோ சவர்க்கார நீரில் நனைத்து, ஒரு பகுதியைக் கழுவியதும் வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டே மீண்டும் சவர்க்கார வாளியில் நனைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அலசிய வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே கிடக்கும் மணல் அத்தனையும், ஒரே வாளியில் கழுவியிருந்தால் பெயின்டின் மேல் சுற்றியிருக்கும். கூரை முதலில், பின்னர் கண்ணாடி, பொனட், கதவின் மேல் பகுதி என்று கீழே இறங்கி வர வேண்டும். சில்லுகளுக்கு வேறு துணி. சில்லில் படிந்திருக்கும் கறுப்புத் தூளில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் இருக்கின்றன. அந்தத் துணி கதவில் படவே கூடாது. சேர்விஸ் நிலையங்களுக்குக் கொடுக்கும்போதும் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். சில்லுக்குப் போட்ட ஸ்பொஞ்சையே பொனட்டுக்கும் போடும் இடங்கள் இருக்கின்றன.

சவர்க்காரம் எது? உடுப்புக் கழுவும் தூளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது காரத்தன்மை கூடியது. சரியாகக் கரையாத மணிகள் கீறவும் செய்யும். பாத்திரம் கழுவும் திரவம் பெயின்டை ஒரே நாளில் தின்றுவிடாது என்பது உண்மையே. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டது அது. கறிச்சட்டியின் எண்ணெயை எடுப்பது போலவே, மேலே போட்டிருக்கும் மெழுகையும் உரித்தெடுத்துவிடும். வாகனங்களுக்கான ஷாம்பு ஒரு போத்தல் வாங்கினால், ஒரு வாளிக்கு ஒரு மூடியளவு போட்டாலே போதும், பல மாதங்களுக்கு வரும்.

கழுவி முடிந்ததும் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடக் கூடாது. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பிரதேசங்களின் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்பதை உங்கள் கேத்தலே சொல்லும். அதன் அடியில் படியும் வெள்ளைப் படைதான் வாகனத்தில் வெண்புள்ளிகளாகப் படிகிறது. மென்மையான பெரிய துவாயை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் தண்ணீரை அது குடித்துவிடும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே படிந்த வெண்புள்ளிகளுக்கு, வினாகிரியில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தெடுத்து, பின்னர் நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். வெயிலில் செய்ய வேண்டாம்.

மைக்ரோபைபர் துவாய் இப்போது எங்கும் கிடைக்கிறது. இதைக் கழுவும் முறை உங்களுக்குத்தான் வாய்க்கும். மற்ற உடுப்புகளோடு போட்டால் பருத்தி நூல் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். உடுப்பை மென்மையாக்கும் வாசனைத் திரவம் போட்டால் நுண்ணிய இழைகள் அடைபட்டுத் தண்ணீரை உறிஞ்சாது. இஸ்திரிப் பெட்டி அதன் பக்கமே போகக்கூடாது. கழுவும்போது நிலத்தில் விழுந்த துவாயை அன்றைக்கு மீண்டும் வாகனத்தில் பாவிக்கவும் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது சுமார் முக்கால் லீற்றர் தண்ணீரில் வுழூச் செய்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த உம்மத்தின் வாசலில், ஹோஸ் பைப் நிலத்தில் கிடந்து ஓடிக்கொண்டிருக்க, மகன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பது அழகல்ல. உங்கள் வீட்டுப் பைப்பைப் பத்து லீற்றர் வாளியில் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிறகு அரை மணித்தியாலத்துக்கு எத்தனை வாளி என்று பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன முறையில், ஒரு சிறிய காருக்கு ஐந்தாறு வாளிக்கு மேல் தேவைப்படாது.

காகமும் மாமரமும்

மரநிழல் வெயிலுக்கு நல்லது. பெயின்டுக்கு அவ்வளவு நல்லதென்று சொல்ல முடியாது. மாமரமும் பலாமரமும் பாலைச் சொட்டும். நாவல் பழக் காலத்தில் வௌவால் போடும் கறை ஊதா நிறத்தில் ஊறிவிடும். எல்லாவற்றையும்விடக் காகத்தின் எச்சமே மோசம். அதில் அமிலம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அதைவிட நடக்கும் விடயம் ஒன்று உண்டு. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. அதன் மேல் எச்சம் காய்ந்து இறுகுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, அந்த இறுகிய எச்சத்தின் உருவத்தையே பெயின்டும் எடுத்துக்கொள்கிறது. மங்கலான தழும்பாக நாம் காண்பது அதைத்தான். ஆகவே கண்டவுடன், அன்றைக்கே எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் வைத்து ஊற விட்டு, துணியோடு சேர்த்து அள்ளி எடுக்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ் என்பதால், இதற்கென ஒரு துணியை வேறாகவே வைத்திருப்பது நமக்குப் பழக்கமான காரியம்தான்.

தார் பட்டிருந்தால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம். தின்னர் மட்டும் வேண்டாம். பிரேக் ஒயில் ஒரு துளி சிந்தினாலும் அது பெயின்டையே உரித்துவிடும். துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது தண்ணீரில் கரையக்கூடியது.

காலி வீதியின் கரையோரத்தில், பேருவளையில், கல்முனையில், காத்தான்குடியில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறொரு தொல்லை. உப்பு, முழுமையாக இருக்கும் பெயின்டை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கல் பட்டுச் சிறிதாக உதிர்ந்த இடத்தையும் தகடுகள் பொருந்தும் இடுக்குகளையும்தான் அது தேடிப் போகும். கடற்கரைக்குப் போய் வந்தால் மட்காட்டின் உட்பக்கத்துக்கும் அடிப்பகுதிக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள். கதவைத் திறந்து அதன் அடி விளிம்பைப் பாருங்கள். உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேறச் சிறு துவாரங்கள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு மெல்லிய ஈர்க்குப் போதும் அதைத் திறக்க.

மெழுகும் 'கட்டிங்'கும் ஒன்றல்ல

கடைகளில் கேட்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மெழுகு, அதாவது வெக்ஸ், மேலே ஒரு போர்வையைப் போடுவது. கட்டிங் கொம்பவுண்ட் என்பது தேய்த்தெடுப்பது. கீறல் மறைவதற்குக் காரணம், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை அது கீறலின் அடிவரை சீவிவிடுவதே. ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன்கள் போகும். மொத்தமே 40, 50தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் 'கட் அன்ட் பொலிஷ்' அடித்துப் புதுசு போல் ஆக்கும் வாகனம், சில வருடங்களில் கூரையிலும் பொனட்டிலும் பாம்பு சட்டை உரித்தது போல் உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்தப் பொலிஷும் பலிக்காது. பெயின்ட் அடிக்கும் பாஸிடம்தான் போக வேண்டும். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அடித்த கதவுக்கும் அடிக்காத கதவுக்கும் நிறம் சற்று வேறுபட்டே நிற்கும். கட்டிங் என்பது வாகனத்தின் ஆயுளில் ஓரிரு தடவை, தேவைப்பட்டால் மாத்திரம் செய்யும் வேலை.

மெழுகு அப்படியல்ல. அதை நீங்களே வீட்டில் போடலாம். நல்ல மெழுகுகளில் சேர்க்கப்படும் கார்னோபா, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து கிடைக்கிறது. வரட்சியில் தன் ஈரம் பறந்துவிடாதிருக்க அந்தப் பனை இலையின் மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. அதே மெழுகுதான் நம் பொனட்டில் தண்ணீரை முத்து முத்தாக உருள வைக்கிறது. உணவுப் பொருட்களின் ஈ-எண்களை வாசித்துப் பார்த்து வாங்கும் பழக்கமுள்ள சகோதரிகள், மினுங்கும் இனிப்புகளின் உறையில் ஈ903 என்று கண்டிருப்பீர்கள். அதுவும் இதுவே; தாவரப் பொருள்தான்.

வாகனத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்த பின், சிலிசிலி பேக் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டின் மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பெயின்டில் ஒட்டிப்போன இரும்புத் துகளும் அழுக்கும் அது. இதை எடுப்பதற்கென்றே விற்கும் களிமண் போன்ற கட்டியை, ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கலாக்கி, அழுத்தாமல் தேய்த்தால் பூவரசம் இலை போல் வழவழப்பாகிவிடும். அதன் பின் மெழுகு. நிழலில், குளிர்ந்த தகட்டில், கொஞ்சமாக. தடிப்பாகப் போட்டால் அதிகம் பாதுகாக்கும் என்பதில்லை, துடைக்கத்தான் கஷ்டம். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துவாயால் எடுத்துவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், கவனம். நமது வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் நல்லது. மழைத்துளி உருளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் மெழுகு போய்விட்டது என்று அறியலாம். செயற்கை சீலன்ட் வகைகள் இதைவிட அதிக மாதங்கள் நிற்கும். இப்போது எல்லோரும் கதைக்கும் செரமிக் கோட்டிங் இன்னும் நீண்ட காலம் நிற்கும் என்றாலும், அது கீறவே முடியாத கவசம் என்று விற்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம். உலர்த் துடைப்பு அதையும் கீறும். அந்தக் காசைக் கொடுப்பதற்கு முன் வீட்டிலுள்ள துடைக்கும் பழக்கத்தை மாற்றுவது இலாபம்.

சில்லையும் எழுத்துச் சின்னங்களையும் சுத்தம் செய்ய விற்கும் சிறு தூரிகைகள் வாங்கும்போது உறையை வாசியுங்கள். இவற்றில் பல, பன்றி மயிரால் செய்யப்படுபவை. 'மிருதுவான இயற்கை மயிர்' என்று மாத்திரம் எழுதியிருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். செயற்கை இழைத் தூரிகைகள் அதே வேலையைச் செய்கின்றன, தாராளமாகக் கிடைக்கின்றன.

கல்யாண வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. மணமகன் போகும் வாகனத்தில் பூவையும் றிபனையும் செலோடேப்பால் ஒட்டி, அப்படியே வலீமா வரை விட்டுவிடுகிறார்கள். ஓடும் வேகத்தில் றிபன் படபடத்து அடித்த இடமெல்லாம் மங்கிப் போகும். நசுங்கிய பூவின் சாறு வெள்ளை வாகனத்தில் மஞ்சளாக ஊறும். இரவல் வாகனம் என்றால் கேட்கவே வேண்டாம், சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம்தான். மணமக்கள் வீடு வந்து சேர்ந்ததும் யாராவது ஒருவர் அதைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தம்பியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பின்புறத்தில் ஒட்டும் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர்களும் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து பெயின்டோடு இறுகிவிடும். பிளேட்டால் சுரண்டினால் எழுத்துப் போய்க் கீறல் நிற்கும். தலைமயிர் காய வைக்கும் ஹெயார் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, ஓரத்தை விரலால் கிளப்பி மெல்ல மெல்ல உரித்தால் வந்துவிடும். மிஞ்சும் பசைக்குச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டு, ஷாம்புவால் கழுவுங்கள். புதிதாக ஒட்டுவதானால், சேறு தெறிக்கும் பம்பரில் ஒட்டாமல் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டலாம். அல்லாஹ்வின் திருநாமம் எழுதியதற்கு அந்த இடம்தான் பொருத்தமும்கூட.